மண்ணுளி சட்டை உரிக்கும் வரை

வைகாசி 3, வியாழன்

கச்சான் காற்று தொடங்கிவிட்டது. படுக்கை, பானை, தையல் மிஷின் எல்லாவற்றிலும் மணல். வடகம் காயப்போட வழியில்லை.

அவர் வளர்த்த மண்ணுளிப் பாம்பின் கண் வெளுத்திருக்கிறது. காலையில் பெட்டியின் வலைமூடியைத் தூக்கிப் பார்த்தேன். இரண்டு கண்ணிலும் வெள்ளைப் படலம். உடம்பும் மங்கல். நேற்றுப் போட்ட சுண்டெலியைத் தொடவே இல்லை. எடுத்துக் காக்கைக்கு வீசினேன்.

அவருடைய நோட்டைத் தேடி எடுத்தேன். “கண் வெளுத்தால் சட்டை உரிக்கப் போகிறது என்று அர்த்தம். தீனி வேண்டாம். தொந்தரவு கூடாது. தண்ணீர்த் தட்டு காயக் கூடாது.” பள்ளியில் சயின்ஸ் வாத்தியார், வீட்டிலும் சயின்ஸ் வாத்தியார். ஐந்து சட்டைகளைத் தேதி, நீளத்தோடு ஒட்டி வைத்திருக்கிறார். கடைசிச் சட்டை மார்கழியில், 21 அங்குலம். தையில் அவரே போய்விட்டார். மஞ்சள் காமாலை. பதினொரு நாள்.

பிள்ளை இல்லை. பாம்பு இருக்கிறது. சில நாள் எனக்குக் கோபம் கோபமாக வருகிறது.

வாங்க: மண்ணெண்ணெய், 7 நம்பர் ஊசி, கல் உப்பு.

வைகாசி 4, வெள்ளி

ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா ஆள் அனுப்பியிருந்தார். லீவு முடிந்து பள்ளி திறக்கும்போது தையல் வகுப்புக்கு வருவேனா மாட்டேனா, எழுதித் தர வேண்டுமாம். திருவாடானையிலிருந்து அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வருகிறார், கேட்டுச் சொல்கிறேன் என்றேன். ஒன்பது வருடமாகத் தையல் டீச்சர். வேலைக்குப் போகலாமா என்று இன்னொருவரைக் கேட்க வேண்டியிருக்கிறது.

வெளுத்த கண்ணோடு அது தலையை மணலில் புதைத்துக் கிடப்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை. அம்மா வீட்டில் வெள்ளி தவறாமல் புற்றுக்குப் பால் வார்ப்போம். குளித்து, விளக்கேற்றி, அரை டம்ளர் பால் பெட்டிக்குள் ஊற்றினேன். கும்பிட்டேன். மனசு கொஞ்சம் லேசானது.

வைகாசி 5, சனி

எறும்பு. பெட்டி முழுக்கச் செவ்வெறும்பு. பால் ஊறிய மணலில் ஆரம்பித்துப் பாம்பின் மேல் ஏறிவிட்டன. கண் தெரியாததால் அது எந்தப் பக்கம் போவதென்று புரியாமல் பலகையில் முட்டிக்கொண்டிருந்தது.

யோசிக்கவில்லை. கையால் அள்ளிக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினேன். இத்தனை நாளில் அதைத் தொட்டது இதுதான் முதல் தடவை. நினைத்ததைவிடக் கனம். நினைத்த வழவழப்பு இல்லை.

பக்கத்து வீட்டு ஆமினா லாத்தா சத்தம் கேட்டு வந்துவிட்டது. “யா அல்லா! நான் தண்ணி எறைச்சு ஊத்துறேன், நீ அதை என் பக்கம் மட்டும் கொண்டாந்துராத.” மூன்று வாளி ஊற்றியது. தலை மட்டும் வெளியே இருக்கும்படி பாம்பைப் பித்தளைச் சட்டியில் கிடத்தி, ஒவ்வொரு எறும்பாகப் பிய்த்து எடுத்தேன். கழுத்துக்குக் கீழே மூன்று இடத்தில் ஆழக் கடி.

“பாம்பு பால் குடிக்காது. உங்க ஊர்ப் புத்துல எறும்புதான் கொழுத்திருக்கும்” என்று அவர் கேலி செய்வார். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன். இன்று அந்தப் பேச்சு நினைவுக்கு வந்ததும் கிணற்றடியிலேயே உட்கார்ந்து அழுதேன். அவர் விட்டுப்போன ஒரே உயிரை நான் கும்பிட்டே கொல்லப் பார்த்தேன்.

மணல் முழுவதும் மாற்றியாயிற்று. பெட்டியின் நாலு காலுக்கும் தண்ணீர்ச் சிரட்டை.

வைகாசி 6, ஞாயிறு

அண்ணன் பத்து மணி பஸ்ஸில் வந்தார். பெட்டி இருக்கும் அறைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வேப்பமரத்தடியில் நாற்காலி போடச் சொன்னார்.

“ஏத்தா, ரெண்டுதலப் பாம்பு நக்குனா குஷ்டம் வரும்னு ஊரே சொல்லுது. மாப்பிள்ளை படிச்சவரு, வளத்தாரு. ஒனக்கு எதுக்கு இது?”

மோர் கொண்டுவந்து கொடுத்தேன்.

“தனியா இங்கன கெடந்து என்ன பண்ணப் போற? அங்கன வீடு இருக்கு, மதினி இருக்கா. நாலு பேரு என்னையத்தான கேக்குறான், தங்கச்சிய இப்பிடி விட்டுட்டியேன்னு.”

நல்ல மனுஷன். அதுதான் கஷ்டம். கெட்டவராக இருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

“அதுக்குக் கண்ணு தெரியலண்ணே. இப்ப எங்கன விடுறது? கீரிக்குத்தான் போகும். சட்டை உரிக்கட்டும். உரிச்சதும் விட்டுட்டு வாரேன்.”

“சரி. அடுத்த ஞாயித்துக்கெழமை வண்டியோட வாரேன்.”

வாய் சொல்லிவிட்டது. அண்ணன் போன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது.

மீன் குழம்பு அண்ணனுக்குப் பிடித்திருந்தது. இரண்டு தடவை சோறு வாங்கினார்.

வைகாசி 8, செவ்வாய்

அசையவில்லை. கடித்த இடம் தடித்திருக்கிறது. விரலால் தொட்டால் மெல்லச் சுருள்கிறது, அவ்வளவுதான். காலையும் மாலையும் கொஞ்ச நேரம் தண்ணீர்ச் சட்டியில்.

லாத்தா கொழும்புக் கடிதத்தோடு வந்தது. நான்தான் வாசித்துச் சொல்ல வேண்டும். நோன்புக்குள் வந்துவிடுவதாக லாத்தாவின் வீட்டுக்காரர் எழுதியிருக்கிறார். “ரெண்டு வருசமா லெட்டர்லதான் வாராக” என்று சிரித்தது. பிறகு சிரிக்காமல், “நீயும் போயிட்டா எனக்கு யாரும்மா வாசிச்சுக் காட்டுவா?” என்றது.

எனக்குத் திருவாடானைக்குப் போகப் பிடிக்கவில்லை. இதை எழுதவே எனக்கு இத்தனை நாள் ஆகியிருக்கிறது. இந்த வீடு, லாத்தா, பள்ளியில் பொத்தான் துளை போடத் தெரியாமல் முழிக்கும் பெண்கள், அவருடைய நோட்டு. அங்கே போனால் மதினி வீட்டுச் சமையலறையில் ஒரு மூலை. குறை சொல்ல முடியாத மூலை.

வைகாசி 9, புதன்

கண் தெளிந்துவிட்டது! கறுப்பு மணிபோல இரண்டும். பிழைத்தது என்று லாத்தாவிடம் சுவருக்கு மேலே கத்திச் சொன்னேன்.

பிறகு நோட்டைப் பார்த்தேன். “கண் தெளிந்த மூன்றாம் நாள் அல்லது நாலாம் நாள் உரியும்.” விரல்விட்டு எண்ணினேன். சனி. ஞாயிறுக்கு முந்தின நாள்.

சீக்கிரம் உரி என்று வேண்டுவதா, உரிக்காதே என்று வேண்டுவதா? எதுவும் வேண்டவில்லை. வேண்டினால் என்ன ஆகும் என்று பார்த்தாயிற்று.

வைகாசி 11, வெள்ளி

மூக்கைச் செங்கலில் தேய்த்துத் தேய்த்து உதட்டோரம் பிரிந்திருக்கிறது. தலை வெளியே வந்துவிட்டது. கழுத்துக்குக் கீழே, எறும்பு கடித்த இடத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. கச்சான் காற்று ஈரத்தையெல்லாம் குடித்துவிடுகிறது.

நோட்டு: “இழுக்காதே.” கீழே இரண்டு கோடு.

தப்புத் தையலைப் பிரித்தே பழகிய கை. நுனியைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தால் போதும் என்று துடிக்கிறது. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவருடைய பழைய வேட்டியைக் கிழித்து நனைத்து, பாம்பின் மேல் தளரப் போட்டேன். காயக் காய நனைக்கிறேன்.

இன்று பால் ஊற்றவில்லை.

வைகாசி 12, சனி

மதியம் பன்னிரண்டு மணிக்கு மேல். வேட்டித் துண்டுக்குள்ளிருந்து பாம்பு மட்டும் தனியே வந்தது. பழுப்பு நிறம் எண்ணெய் தேய்த்தாற்போல மின்னுகிறது. சட்டை துணியோடு கிடக்கிறது, கழற்றிப்போட்ட ரவிக்கைக் கைபோல உள்பக்கம் வெளியாக. இரண்டு கண்ணின் வட்டமும் அதில் முழுசாக இருக்கின்றன.

மைதா பசை காய்ச்சி, நோட்டில் ஆறாவதாக ஒட்டினேன். தையல் டேப்பை வைத்து அளந்தேன். இருபத்திரண்டரை. திரும்ப அளந்தேன். இருபத்திரண்டரைதான்.

அவர் போன பிறகும் வளர்ந்திருக்கிறது. நான் கண்ணெடுத்துப் பார்க்காமல், எலியைத் தூர நின்று வீசிய இந்த நாலு மாதத்தில்.

அவர் எழுதுவதுபோலவே எழுதினேன்: “வைகாசி 12. 22½ அங்குலம். மூன்று இடத்தில் கிழிசல். காரணம் பால்.” கையெழுத்து வேறு. அது மட்டும்தான் வித்தியாசம்.

வைகாசி 13, ஞாயிறு

அண்ணன் மாட்டுவண்டியோடு வந்தார். முந்தின நாளே புறப்பட்டிருக்கிறார். சாமான் கட்டக் கயிறு, சாக்கு, எல்லாம் இருந்தன. மரத்தடியிலேயே நின்றார். காப்பி கொடுத்தேன்.

“சட்டை உரிச்சிருச்சா?”

“இன்னும் இல்லண்ணே.”

அண்ணனிடம் நான் பொய் சொன்னதில்லை. டம்ளரை வாங்கக் கை நீட்டினேன். அவர் டம்ளரைத் தரவில்லை, என் முழங்கையையே பார்த்தார். பிறகு இரண்டு விரலால் அதிலிருந்து எதையோ உரித்து எடுத்தார். காய்ந்த பசையும், அதோடு ஒட்டிய நகமளவு சட்டைத் துணுக்கும். பெட்டிப் பக்கமே போகாதவர், அதை உள்ளங்கையில் வைத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார். செதில் செதிலாகத் தெரிந்தது.

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

“மறுபடி எப்ப உரிக்கும்?”

“மூணு மாசமாவது ஆகும்.”

“அதுக்கப்புறம்?”

“உயிரோட இருக்கிற வரைக்கும் உரிக்கும்ணே.”

வெகுநேரம் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். வண்டிக்காரரிடம், “மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டுத் திருப்புங்க” என்றார். கிணற்றடிக்குப் போய்ச் சோப்புக் கேட்டு வாங்கி, இரண்டு தடவை கை கழுவினார். துண்டில் துடைத்துக்கொண்டே, என் பக்கம் பார்க்காமல் சொன்னார்:

“ஆவணியில வாரேன். அப்பவும் உரிக்கலேன்னு சொல்லு.”

ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாவுக்கு வருகிறேன் என்று சீட்டு எழுதியாயிற்று. சுண்டெலி பிடிக்க வேண்டும்.