அறைக்குள் யாரும் வரக்கூடாது

ஜூன் 30, திங்கள்
இன்றும் பொழுதெல்லாம் யார் யாருக்கோ பாஸ்வேர்டு மாற்றிக் கொடுத்தேன். சென்னைக் கம்பெனி வேலை, விருத்தாசலத்தில் மாமியார் வீட்டுப் படுக்கையறையில். எத்தனை மணி நேரம் லேப்டாப் முன் உட்கார்ந்தாலும் தெருவுக்கு நான் ‘வூட்ல சும்மா இருக்கிற மருமவ’தான்.

லினக்ஸ் தேர்வு முடிந்தது. நெட்வொர்க் தேர்வும் பாஸானால் நெட்வொர்க் டீம். அந்த டீம் சென்னை ஆபீஸில் இருக்கிறது. பிரபாகரன் செராமிக் கம்பெனியிலிருந்து வந்ததும் கேட்டேன். “மொதல்ல பாஸாவு கனி. நானும் அங்கயே வேல தேடிக்கிறேன், வூடு பாத்துப் போயிடலாம்” என்றார். நம்பலாம்தானே?

ஜூலை 8, செவ்வாய்
ஐ.பி. முகவரிக் கணக்கு மறுபடியும் தப்பு. குக்கர் விசிலை எண்ணிக்கொண்டே இதையும் எப்படி எண்ணுவது?

ஜூலை 17, வியாழன்
நாளை மாலை தேர்வு, வீட்டிலிருந்தே. கேமராவில் ஒருவர் பார்த்துக்கொண்டே இருப்பார். அறைக்குள் யாராவது நுழைந்தால் தேர்வு ரத்து. கதவுக்குத் தாழ்ப்பாளும் சரியில்லை. அத்தையிடம் சொல்லிவிட்டேன். “நான் ஏம்மா வரப்போறேன்? நீ பாட்டுக்கு எழுது.”

ஜூலை 18, வெள்ளி
போச்சு. எல்லாம் போச்சு.

பாதித் தேர்வில் கதவு திறந்தது. அத்தை, கையில் சாம்பிராணித் தட்டோடு. மூலைக்கு மூலை புகை காட்டினாங்க, எனக்கும் காட்டினாங்க. திரையில் ‘தேர்வு ரத்து’ன்னு வந்துடுச்சு.

“ஆடி மொத வெள்ளிம்மா. ஒரு ரூம மட்டும் எப்பிடி வுடறது? நான் வாயே தொறக்கலியே!”

தேதி பார்த்தேன், நெட் வேகம் பார்த்தேன். கிழமை பார்த்தேனா? இந்த வீட்டிலேயே இருந்துகொண்டு! யாரைத் திட்ட? அவங்க வேண்டிக்கிட்டதே நான் பாஸாகத்தான்.

ஜூலை 21, திங்கள்
புத்தகத்தைத் தொடவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்
மறுபடியும் அதே தேர்வு, இந்த முறை சென்னைத் தேர்வு மையத்தில். தனியாக ரயிலில் போனேன். உள்ளே போனதும் கதவைச் சாத்தினார்கள். என் பெயரை யாரும் கூப்பிடவில்லை.

பாஸ்!

எழும்பூரில் டீ குடித்தேன், வேறு யாருக்கும் டீ போடாமல். ரயிலை விட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

ஆகஸ்ட் 14, வியாழன்
மேனேஜர் தமிழ்ச்செல்வன் சாரிடமிருந்து போன். எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். “நெட்வொர்க் டீம்ல எடுத்தாச்சும்மா. குடும்பத்த விட்டுட்டு நீங்க அலைய வேணாம்னு மேல சண்டபோட்டு வாங்கியிருக்கேன். வீட்லேர்ந்தே பாக்கலாம்.”

அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிரபாகரன் முகத்தில் அப்படியொரு நிம்மதி. சென்னைப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. “இல்ல சார், நான் ஆபீஸுக்கே வரேன்” — தொண்டை வரை வந்தது. “தேங்க்ஸ் சார்” என்றுதான் சொன்னேன். ஏன்? ஏன் அப்படிச் சொன்னேன்?

ஆகஸ்ட் 17, ஞாயிறு
பிரபாகரன் எனக்காகத் தேக்கில் மேசை வாங்கி வந்தார். கட்டிலை நகர்த்தி, சன்னல் ஓரமாகப் போட்டு, தட்டிப் பார்த்தார்.

“ஆயுசுக்கும் தாங்கும் கனி” என்றார்.