முதலாளியின் குறட்டை

1958 ஜூன் 12, வியாழன்

விடாத மழை. வாங்கிப் போட்ட பழைய சாக்கு ஒன்றும் காயவில்லை. கடை முழுக்க ஈரச் சணல் நாற்றம்.

ஒரு வெட்கக்கேடு. வெளியே சொல்ல முடியாது, இங்கே எழுதி வைக்கிறேன். பிள்ளைகளுக்கு மலையாளம்தான் வாசிக்க வரும். மைமூனுக்கு அரபி எழுத்து மட்டும். எனவே பயமில்லை.

கொஞ்ச நாளாக என் வீட்டுக்காரி குறட்டை விடுகிறாள் என்று மட்டாஞ்சேரி முழுக்கச் சொல்லித் திரிந்தேன். அவள் அண்ணன் பாலக்காட்டிலிருந்து வந்தபோதும் விடவில்லை. சோறு பரிமாறிக்கொண்டிருந்தாள். "மச்சான், உங்க தங்கச்சி இருக்கிற வரைக்கும் ஹார்பர்ல சங்கு ஊத வேண்டியதில்ல" என்றேன். அவர் சிரித்தார். எனக்கு மட்டும் மீன் வரவில்லை.

இன்று மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு வந்து படுத்தேன். காதருகே அதே சத்தம். கண்ணைத் திறக்காமலே, "மைமூனே, திரும்பிப் படு" என்றேன்.

அடுக்களையிலிருந்து பதில். "நான் இங்க மத்தி கழுவிக்கிட்டிருக்கேன்."

தலைமாட்டில் பூனை. பெயர் முதலாளி. நான் வைத்ததுதான். நாங்கள் சாக்குத் தைக்க, அது சாக்குக் கட்டின் மேல் உட்கார்ந்து மேற்பார்வை பார்க்கும். இப்போது வாய் லேசாகத் திறந்திருக்க, மரம் அறுக்கும் மில் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

மைமூன் கத்தியோடு வந்து வாசலில் நின்றாள். பூனையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். திரும்பி மத்தி கழுவப் போய்விட்டாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

13, வெள்ளி

ஜும்மா முடிந்து வந்தேன். கோபம் போய்க் கவலை வந்திருக்கிறது அவளுக்கு.

"முன்னெல்லாம் இது இப்படி ஒறங்காதே. சீக்கா இருக்குமோ?"

"நீ விட்டப்ப நான் பயந்தேனா?"

"நான் விடவே இல்ல."

சாயாக்கடைக்குக் கிளம்பிவிட்டேன்.

சாயாக்கடைக் குட்டப்பனிடம் சொன்னது தப்பு. கடையில் இருந்த எல்லாரும் டாக்டர்கள். கொழுப்பு, மீனைக் குறை என்று ஒருவர். மழைச் சளி, மிளகு அரைத்துக் கொடு என்று இன்னொருவர். குட்டப்பன் மட்டும் சாயா ஆற்றிக்கொண்டே, "ராவுத்தரே, பூச்சை கூர்க்கம் வலிச்சா வீட்டுக்கு ஐஸ்வரியமாணு" என்றான். பூனை குறட்டை விட்டால் ஐஸ்வரியமாம். அவன் சொல்கிற ஐஸ்வரியம் எனக்கு இதுவரை வந்ததில்லை.

மிளகு கொடுத்துப் பார்த்தேன். வலது கையில் கீறல். இடது கையிலும்.

சாயங்காலம்: ஊசி முறிந்தது. புதிது வாங்க வேண்டும். மண்ணெண்ணெய்.

15, ஞாயிறு

மழை கொஞ்சம் விட்டது. சாக்குகளை விரித்தேன். உடனே மறுபடி பிடித்துக்கொண்டது.

முதலாளி மீனை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. மத்தியை வேண்டாம் என்ற பூனையை நான் பார்த்ததில்லை. எச்சிலை விழுங்கி விழுங்கிப் பார்க்கிறது, தும்முகிறது. சாக்குக் கட்டுக்குள்ளிருந்து எலி ஒன்று நிதானமாகப் போயிற்று. முதலாளி பார்த்தது, கண்ணை மூடிக்கொண்டது.

மைமூனும் சாப்பிடவில்லை. கண் திறக்காத குட்டியாகக் கொண்டுவந்து துணித்திரியில் பால் தொட்டு வளர்த்தவள். "செத்துப் போயிருமாங்க?" என்கிறாள். பூனைதானே என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்து, மத்தி நன்றாக இருக்கிறது என்று சொன்னேன்.

அரிசியா, மிளகா, எலி எந்தச் சாக்கைக் கடிக்கும் என்று கேட்டால் சொல்லுவேன். பூனை மூக்குக்குள் என்ன என்று நான் எப்படிச் சொல்வது. வீட்டில் எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள்.

செவ்வாய்க்கிழமை எறணாகுளம் மாட்டாஸ்பத்திரி. இதைக் கேட்டுக் குட்டப்பன் சிரித்த சிரிப்பில் பால் பாத்திரம் கவிழ்ந்தது. அந்த அளவில் எனக்குச் சந்தோஷம்.

17, செவ்வாய்

காலையில் எறணாகுளம் போகிற படகில் ஏறினோம். முதலாளி சாக்குக்குள், தலை மட்டும் வெளியே. போட்டில் எல்லாரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். மைமூன் முக்காட்டை இழுத்துக்கொண்டு என்னோடு வராதவள் போல உட்கார்ந்திருந்தாள்.

ஆஸ்பத்திரியில் எங்களுக்கு முன்னால் ஒரு எருமை, ரெண்டு ஆடு. டாக்டர் மதராசில் படித்தவராம், தமிழிலேயே கேட்டார்.

"கொறட்டை புதுசா, பழசா?"

"புதுசு சார்" என்றாள் மைமூன், நான் வாய் திறக்கும் முன்னே.

பழசு என்றால் கவலை வேண்டாமாம். சில பூனைகளுக்குப் பிறவியிலேயே உண்டு, தின்று கொழுத்ததற்கும் உண்டு. திடீரென்று தொடங்கி, தீனியும் குறைந்தால் சும்மா விடக்கூடாது. நானும் எருமைக்காரரும் பிடித்துக்கொள்ள, டாக்டர் இடுக்கியை உள்ளே விட்டு அண்ணாக்குக்குப் பின்னாலிருந்து மெல்ல இழுத்தார். விரல் நீளத்துக்கு ஒரு நார்.

"என்ன இது?"

"சணல் சார்."

"இது எப்படி உள்ள போச்சு?"

எப்படிப் போகும். சாக்கு வாயைத் தைத்து முடித்தால் நுனியை நறுக்க மாட்டேன், தொங்க விடுவேன். பிரிக்கிறவன் அதைப் பிடித்து இழுத்தால் தையல் மொத்தமும் கழன்று வரும். என் சாக்கு வேண்டும் என்று மண்டிக்காரர்கள் கேட்டு வாங்குவதே அதற்காகத்தான். முதலாளி தினமும் அந்த நுனியோடு விளையாடும், கடிக்கும். நான்தான் பார்த்துச் சிரிப்பேன்.

மைமூன் நாரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பூனையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

திரும்பும் போட்டில் முதலாளி அவள் மடியில். மூச்சுச் சத்தமே இல்லை. படகுத்துறையில் வாங்கிய வறுத்த மீனை முள்ளோடு தின்றது. அவள் முகத்தில் வெளிச்சம். எனக்கும் நாலு நாள் பாரம் இறங்கிய மாதிரி. காயல் காற்று. கொஞ்சம் கண்ணை மூடினேன்.

திறந்தபோது மடியில் காலிச் சாக்கு. பக்கத்தில் மைமூன் இல்லை, பூனை இல்லை. போட்டு மறுபடி எறணாகுளம் படகுத்துறையில் கட்டியிருந்தது. டிக்கெட்காரர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இக்கா, உங்கட வீட்டுக்காரி பூச்சையும் கொண்டு மட்டாஞ்சேரில எறங்கிப் போயி. எழுப்பண்டான்னு சொல்லிச்சு. உங்கட கொறட்டை புதுசா பழசான்னு மாத்திரம் கேட்டு வைக்கச் சொல்லிச்சு."

பழசு என்றேன். மட்டாஞ்சேரிக்கு இன்னொரு டிக்கெட் எடுத்தேன்.