ஊர்ச் சேனலில் வந்த ஆம்புலன்ஸ்

அனுமந்தன்பட்டி,
ஞாயிறு இரவு.

பிரியமுள்ள வீரபாண்டி அண்ணனுக்கு, தங்கை முனீஸ்வரி எழுதுவது. புனேயில் நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே எல்லாரும் சுகம் என்று அப்பா போனில் சொன்னது பொய் அண்ணே. அம்மா தேனியில் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். வயிற்றில் கட்டி, வருகிற வெள்ளிக்கிழமை ஆபரேஷன். பயிற்சி முடியும் முன்னால் லீவு போட்டால் உனக்கு வேலை நிரந்தரமாகாது என்று இரண்டு பேரும் மறைக்கிறார்கள். உன் காதுக்குப் போனால் என் படிப்பை நிறுத்திவிடுவேன் என்று அப்பா சொல்லியிருக்கிறார். திராட்சைக் கொடியில் பழம் வெட்டுகிற நேரம் வேறு, தோட்டத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் அலைகிறார், முகத்தைப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

புதன்கிழமை அவர் குளிக்கப் போனபோது போனை எடுத்தேன். வாட்ஸ்அப்பையும் கால் லிஸ்ட்டையும் அவர் பார்ப்பார், அதனால் நான் டீக்கடைக்காரியாகவும் நீ ஆம்புலன்ஸ் டிரைவராகவும் ஆடுகிற நம் ஆன்லைன் விளையாட்டுக்குள் வந்தேன். ஊர்ச் சேனலில் வேஷத்தில்தான் பேச வேண்டும், நிஜமான சமாச்சாரம் எல்லாம் வெளிச் சேனலில் என்று நீதானே சொல்லிக்கொடுத்தாய். அவசரத்தில் சேனலை மாற்ற மறந்துவிட்டேன். அம்மாவுக்கு வயிற்றில் கட்டி, உடனே வா என்று டீக்கடைக்காரியாகவே எழுதிவிட்டேன். போன மாதம் உன் வண்டியை வரவழைக்க இதே மாதிரி வயிற்றுவலி என்று விளையாட்டுக்கு எழுதியவளும் நான்தான். அதனால் நீயும் டிரைவராகவே பதில் போட்டாய். “ஏத்தா, நீ போட்ட டீயத்தான ஒங்காத்தாவும் குடிச்சாக, பெறகு வயிறு என்னத்துக்காகும்? இரு, வண்டி கெளம்பிருச்சு.” கூட ஆடுகிற எல்லாரும் சிரிக்கிற பொம்மை போட்டார்கள். சைரன் அடித்துக்கொண்டு உன் ஆம்புலன்ஸ் என் கடை வாசலில் வந்து நின்றது. நீ இறங்கி ஸ்ட்ரெச்சரை இழுத்தாய். அந்தச் சத்தம் கேட்டு வந்த அப்பா போனைப் பிடுங்கி, ஆத்தா இப்படிக் கிடக்கையில் விளையாட்டு கேட்கிறதா என்று அடித்தார். உனக்குச் சேதி சொல்லத்தான் எடுத்தேன் என்று நான் சொல்லவில்லை. விளையாட்டையும் போனிலிருந்து எடுத்துவிட்டார். உன் நம்பர் எனக்கு மனப்பாடம் இல்லை. நீ அனுப்பிய பார்சல் அட்டையில் ஹாஸ்டல் விலாசம் மட்டும் இருந்தது.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். சாப்பிட்டாயா என்றுதான் அம்மா என்னை முதலில் கேட்டாள். அண்ணனிடம் சொல்லலாமே என்றேன். “நான் கண்ணு முழிச்சதும் சொல்லிக்கிரலாம்த்தா” என்றாள். கூட இருக்கிற ராமுத்தாய் சித்தி சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்போதிருந்துதான் எனக்குத் தூக்கம் இல்லை.

நாளைக் காலை பள்ளிக்கூடம் போகிற வழியில் உத்தமபாளையத்தில் ஸ்பீடு போஸ்ட்டில் போடுவேன். கிடைத்த உடனே கிளம்பு. ரயிலில் பட்டினி கிடக்காதே. சுருளி வேலப்பர் உன்னை நேரத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கட்டும். யார் சொன்னது என்று அப்பா கேட்டால் என் பேரையே சொல், அடித்தால் அடிக்கட்டும். இதை நான் டீக்கடைக்காரியாக எழுதவில்லை அண்ணே.

உன் தங்கை,
முனீஸ்வரி.