முப்பத்தொன்றரை அடி

சேசு மரி சூசை
திருவொற்றியூர், நவம்பர் 1974

அன்புள்ள சிலுவையம்மாளுக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா? நான் சொல்லச் சொல்ல வீட்டுக்காரர் மகள் ஹில்டா எழுதுகிறாள்.

போன வாரம் யார்டில் ஒரு வேடிக்கை. எட்டு டன் கொதிகலனைத் தூக்க வேண்டும். கிரேனின் அறுபதடிக் கையை நாற்பத்தைந்து டிகிரியில் நிறுத்தினால் கொக்கி எவ்வளவு தள்ளித் தொங்கும் என்று இன்ஜினீயர் துரை கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுக் காகிதம் கொண்டுவந்தார். முப்பத்தொன்றரை அடி என்றது. அது நிஜமானால் கிரேன் தாங்கும். ஆனால் அறுபத்திரண்டாம் வருஷம் இதே கை இதே சாய்வில் நின்றபோது நான் நூல் விட்டு அளந்தது நாற்பத்திரண்டு அடி. அவ்வளவு தள்ளித் தூக்கினால் கிரேன் கவிழும். தூக்கச் சொல்லிக் கொடி காட்ட மாட்டேன் என்றேன்.

“இன்னா நைனா, மிஷினுக்கே கணக்கு சொல்லிக் குடுக்கிறியா?” என்றார் துரை.

“வெறுங்கொக்கிய இறக்கி அளந்து பாருங்க தம்பி. தப்புன்னா இன்னைக்கே ஊருக்கு ரயிலேறுதேன்.”

அளந்தோம். நாற்பத்திரண்டு. துரைக்கு வியர்த்துவிட்டது. அந்த மிஷின் கோணத்தை ரேடியன் என்ற அளவில்தான் வாங்குமாம். ஒரு ரேடியன் ஐம்பத்தேழு டிகிரிக்கும் மேலாம். இவர் டிகிரியை மாற்றாமல் நாற்பத்தைந்து என்றே கொடுக்க, அது கணக்கில் கையை ஏழு சுற்றுச் சுற்றி எங்கோ நிறுத்திவிட்டது. கொதிகலனைப் பிடிக்கக் கீழே நிற்க வேண்டிய ஆறு பேரும் எனக்கு டீ வாங்கித் தந்தார்கள்.

இதில் ஒரு கெடுதலும் உண்டு. இனி எந்தக் காகிதம் வந்தாலும் நான் அளந்த பிறகுதான் தூக்க வேண்டும் என்று துரை சொல்லிவிட்டார். கிறிஸ்துமஸ் லீவு போயிற்று.

கொஞ்சம் கருவாடும் ஒரு போர்வையும் அனுப்பு. புதிது வேண்டாம், நீ போர்த்திக்கொள்கிறதையே அனுப்பு.

ஹில்டா கோயிலுக்குக் கிளம்புகிறாள்.

இப்படிக்கு,
சவரியப்பன்