தோற்றவர் என்றுதான் சொன்னேன், அன்ரி

அன்ரி,

நேற்று உங்கள் வீட்டுக்கு வர்ணம் பூசினார்கள். பாடசாலையிலிருந்து வந்து கீழ்க்கதவைத் திறந்ததுமே அந்த வாசனை மூக்கில் ஏறியது. உங்கள் கதவு அகலத் திறந்து கிடந்தது. வெள்ளைக் காற்சட்டை போட்ட இரண்டு பேர் வானொலி கேட்டுக்கொண்டே வேலை செய்தார்கள். நடைவழிச் சுவரில் உங்கள் சறுக்குக் காலணிகள் தொங்கிய ஆணியைப் பிடுங்கிவிட்டு, ஓட்டையைச் சாந்து வைத்து அடைத்திருந்தார்கள். அந்த இடம் மட்டும் இன்னும் ஈரமாக இருந்தது. மேலே வந்து புத்தகப் பையை இறக்கிவிட்டு இதை எழுதத் தொடங்கினேன்.

வுப்பர்டாலில் இந்த வீட்டுக்கு நாங்கள் குடிவந்த முதல் ஞாயிறு உங்களுக்கு ஞாபகம் இருந்திருக்கும். அம்மா உரலில் சம்பல் இடித்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை சத்தம் போடக்கூடாத நாட்டில் இருக்கிறோம் என்று அப்பா சொல்லி வாய் மூடவில்லை, நீங்கள் கதவைத் தட்டினீர்கள். "சண்டைக்கு வந்திட்டா. நீ போய்க் கதை, உனக்குத்தானே டொச் பாசை வடிவா வரும்" என்று அம்மா என்னைத் தள்ளிவிட்டார். நான் பயந்து பயந்து கதவைத் திறந்தேன். நீங்கள் கேட்டது ஒன்றே ஒன்று: "என்ன இடிக்கிறியள்? நல்லா மணக்குது."

நீங்கள் பேசிய ஜெர்மன் மொழியை நான் எங்கள் தமிழில்தான் ஞாபகம் வைத்திருக்கிறேன். அம்மாவுக்குச் சொல்லிச் சொல்லி அது அப்படியே ஆகிவிட்டது.

பாணில் சம்பலைத் தடவிச் சாப்பிட்டு, கண்ணால் நீர் வழிய, "இன்னும் கொஞ்சம்" என்றீர்கள். பெயர் சொல்லிக் கூப்பிடு என்றீர்கள். மூத்தவர்களைப் பெயர் சொல்ல எங்களுக்கு ஏலாது என்றேன். அப்படித்தான் அன்ரி ஆனீர்கள். நீங்கள் ஒல்லாந்துக்காரி என்று தெரிந்ததும் அப்பாவுக்குப் பயம் போய்விட்டது. "உங்கட ஆக்கள் எங்கட யாழ்ப்பாணத்தில கோட்டை கட்டினவை. இப்ப நாங்கள் உங்கட தலைக்கு மேல குடியிருக்கிறம். சரியாப் போச்சு" என்றார். நான் மொழிபெயர்த்தபோது நீங்கள் சிரித்த சிரிப்பில் கோப்பை தட்டில் ஆடியது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் வந்தீர்கள். உங்கள் கதையை நீங்கள் ஒழுங்காகச் சொன்னதே இல்லை. துண்டு துண்டாகத்தான் விழும். உறைந்த வாய்க்காலில் சமையலறைக் கதிரையைத் தள்ளிக்கொண்டு சறுக்கப் பழகியது ஒரு ஞாயிறு. கோடையில் பனி இல்லாத மாதங்களில் அணைக்கட்டின் சரிவில் பக்கவாட்டாகத் தாவித் தாவிப் பயிற்சி எடுத்ததும், மாடுகள் தலையைத் தூக்கிப் பார்த்ததும் இன்னொரு ஞாயிறு. உலகப் போட்டியில் வென்று திரும்பிய நாளில் உங்கள் ஊர் நிலையத்தில் வாத்தியக் குழு மழையில் நனைந்துகொண்டு காத்திருந்ததாம். "எக்காளத்துக்குள்ள தண்ணி போய், பாட்டு வரேல்லை, குமிழிதான் வந்தது" என்றீர்கள். பிறகு ஜெர்மன்காரரைக் கலியாணம் கட்டி இங்கே வந்து, முழங்கால் சத்திரசிகிச்சை செய்தவர்களை நடக்கப் பழக்கும் வேலையில் ஓய்வுபெறும்வரை இருந்தீர்கள். அவர் போய்ப் பல வருடங்கள். பிள்ளைகள் இல்லை. உங்கள் சுவரில் வெற்றிப் படம் ஒன்றுகூட இல்லை. அந்தக் காலணிகள் மட்டும்தான்.

படம் நகர நூலகத்தில் கிடைத்தது. குளிர்கால விளையாட்டுகளைப் பற்றிய பழைய பெரிய புத்தகம். அதில் நீங்கள் இளம் பெண்ணாக, குனிந்து, ஒரு கையை முதுகில் மடித்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தீர்கள். பக்கத்தில் இன்னொருத்தி. உங்கள் நாட்டுக்காரி, பயிற்சி முகாமில் உங்களோடு ஒரே அறையில் இருந்தவள். கீழே ஒரு பக்கம் முழுவதும் கதை. கடைசிச் சுற்றில் இருவரும் பாதை மாறும் இடத்தில் நீங்கள் உடம்பை நிமிர்த்தி, அவளுக்கு வழிவிட்டீர்கள் என்றும், தங்கத்தைத் தோழிக்குத் தானமாகக் கொடுத்தீர்கள் என்றும் எழுதியிருந்தது. எனக்குப் புல்லரித்தது. அதை அப்படியே அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மா கண்ணைத் துடைத்தார்.

அடுத்த ஞாயிறு நீங்கள் உட்காரும் முன்பே அம்மா உங்கள் கையைப் பிடித்துக்கொண்டார். "சொல்லு பிள்ளை, விட்டுக்குடுக்கிறதுக்குப் பெரிய மனசு வேணும். எங்கட சனத்துக்கும் அதுதான் பெரிய குணம் எண்டு சொல்லு."

நான் சொன்னேன். நன்றாகவே சொன்னேன். உங்கள் முகம் இறுகிப்போனது. தேநீரைத் தொடாமல் எழுந்து கீழே போய்விட்டீர்கள்.

"நான் என்ன பிழையாச் சொல்லிப்போட்டன்?" என்று அம்மா திரும்பத் திரும்பக் கேட்டார்.

"புகழ்ந்ததுக்குக் கோவிக்கிற ஆளை இண்டைக்குத்தான் பாக்கிறன்" என்றார் அப்பா.

மறுநாள் பின்னேரம் நீங்களே வந்தீர்கள். மேசையில் அவித்த கடலை இருந்தது. எங்கள் நீள்வட்டப் பரிமாறும் தட்டை வெறுமையாக்கி நடுவில் வைத்து, அதன் விளிம்பில் இரண்டு கடலைகளை வைத்தீர்கள். ஒன்று உள்ளே, ஒன்று வெளியே. "வெளியில அவள். உள்ளுக்கு நான். அம்மாவையும் கூப்பிடு, அவவும் பாக்கட்டும்."

ஒரு தடவைக்கு இரண்டு பேர்தான் ஓடுவார்கள் என்றீர்கள். உள்பாதையின் வளைவு குறுகியது என்பதால், நியாயமாக இருக்க, சுற்றுக்கு ஒரு தடவை இருவரும் பாதை மாற வேண்டும். மாறும் இடத்துக்கு இருவரும் ஒன்றாக வந்தால், உள்ளிருந்து வெளியே போகிறவள் வழிவிட வேண்டும். அது விதி. விடாவிட்டால் போட்டியிலிருந்தே விலக்கிவிடுவார்கள்.

"நான் உள்ளுக்கிருந்து வந்தன். விட்டன். எவளா இருந்தாலும் விட்டிருப்பன், எனக்குப் பிடிக்காதவளா இருந்தாலும்."

"ஆனா விட்டதாலதானே தோத்தவ?" என்று அம்மா கேட்கச் சொன்னார்.

நீங்கள் உங்கள் கடலையை மெல்ல வெளிப்பாதைக்குத் தள்ளிக் கடைசி வளைவின் முன்னால் வைத்தீர்கள். "இஞ்ச பாருங்கோ. கடைசி வளைவு எனக்கு வெளியில, நீளம். அவளுக்கு உள்ளுக்கு, கட்டை. அந்த இடத்தில நான் அவளை விட நல்லா முன்னுக்கு நிண்டிருக்கவேணும். அப்பிடி நிண்டிருந்தா வழிவிடவேண்டிய தேவையே இல்லை. ஒண்டாத்தான் வந்தன் எண்டால், நான் பின்னுக்கு. அவ்வளவுதான். அவள் என்னை விடக் கெதியா ஓடினவள்."

அம்மா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் புத்தகத்தின் பக்கம் நின்று கேட்காமல் இருக்க முடியவில்லை. "அதை எழுதினவர் அங்க நிண்டு பாத்தவர்தானே, அன்ரி?"

"பாத்தவர். பாத்த ஆக்களுக்குத்தான் அது அழகா இருந்தது. நீ வாசிக்கிற பிள்ளை, அச்சடிச்சதெல்லாம் உண்மை எண்டு நினைக்கிறாய்." பிறகு சிரிக்காமல் சொன்னீர்கள்: "அவள் வென்ற ஒரேயொரு தங்கம் அது. அதை அவளுக்கு நான் பிச்சை போட்ட மாதிரி ஆக்கிப்போட்டினம். பேட்டியெல்லாம் குடுத்துப் பாத்தன். அதையும் அடக்கம் எண்டு எழுதினவை. வெக்கத்தில அவள் என்னோட கதைக்கிறதை விட்டிட்டாள்."

அன்று அம்மா உங்களுக்குப் புதிதாகத் தேநீர் ஊற்றினார். நீங்கள் குடித்தீர்கள்.

தூரினில் குளிர்கால ஒலிம்பிக் நடந்த மாதம் எங்கள் தொலைக்காட்சியின் முன்னால்தான் இருந்தீர்கள். அப்போதே நீங்கள் படியேற இரண்டு தடவை நிற்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு சுற்றிலும் பாதை மாறும் இடம் வந்ததும் உங்கள் வலது தோள் தானாகச் சற்று முன்னே போகும். அப்பா அதைப் பார்த்துவிட்டு எனக்குக் கண்ணால் காட்டினார். பகிடி விடவில்லை.

வசந்தத்தில் நோய் நுரையீரலில் இருக்கிறது என்று சொன்னார்கள். மருத்துவமனைக்கு நானும் அம்மாவும் தொங்கு ரயிலில் வந்தோம். யன்னலோரக் கட்டிலில் இருந்தீர்கள். ஒரு பத்திரிகைக்காரர் வந்து போனதாகச் சொன்னீர்கள். அவரும் அதே கதையைத்தான் கேட்டாராம். "இவ்வளவு நாளும் நான் இல்லை இல்லை எண்டு சொல்லிக்கொண்டிருந்தன். இனிப் பதில் சொல்ல ஆள் இல்லை. ஓடின ஓட்டங்களில என்ர முழுப் பலத்தையும் போட்ட ஓட்டம் அது ஒண்டுதான், பிள்ளை. அதைத்தான் நான் ஓடவேயில்லை எண்டு சொல்லுகினம்." அம்மாவுக்கு நான் மொழிபெயர்க்கவில்லை. அவருக்கு அது விளங்கியிருந்தது. உங்கள் போர்வையைச் சரி செய்துகொண்டே இருந்தார்.

உங்கள் செத்தவீட்டுக்கு அம்மா வெள்ளைச் சேலை உடுக்க வேண்டும் என்றார். இங்கே எல்லோரும் கறுப்பில் வருவார்கள் என்று நான் மறித்து, கடைசியில் கடும் நீலத்தில் வந்தார். கூட்டம் சிறியது. முன்வரிசையில் கைத்தடியோடு ஓர் ஒல்லியான மூதாட்டி ஒல்லாந்திலிருந்து வந்திருந்தார். நூலகத்துப் படத்தில் உங்கள் பக்கத்தில் ஓடிய அதே தாடை. யாரென்று நான் உடனே கண்டுகொண்டேன்.

போதகர் நல்லவர், அன்ரி. குரலும் இதமாக இருந்தது. உங்கள் வாழ்க்கையை அன்புக்கு உதாரணம் என்றார். பெரிய மேடையில், தங்கம் கைக்கெட்டும் தூரத்தில், தோழிக்காக ஒதுங்கி நின்றவர் என்றார். மூதாட்டி தலையைக் குனிந்துகொண்டார். காதுவரை சிவந்துபோனார். இத்தனை வருடமும் அவர் அப்படித்தான் குனிந்திருப்பார் என்று நினைத்தேன்.

நான் வகுப்பில் கை உயர்த்தினால்கூட ஆசிரியர் பெயர் சொல்லும்வரை எழுந்திருக்காதவள். அன்று எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை. அம்மா என் பாவாடையைப் பிடித்து இழுத்தார். "மன்னிக்கவேணும், அது அப்பிடி இல்லை" என்றேன். என் குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது. "அவ வழிவிட்டது விதி. ஆனா அவ விட்டதால தோக்கேல்லை. மற்றவ கெதியா ஓடினவ. இவ தன்ர முழுப் பலத்தோட ஓடித் தோத்தவ. அப்பிடித்தான் சொல்லவேணும் எண்டு நினைச்சவ."

யாரோ இருமினார்கள். போதகர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். பிறகு அதை மடித்து வைத்துவிட்டு, "நன்றி, பிள்ளை" என்று மட்டும் சொன்னார். நான் உட்கார்ந்தபோது அம்மாவின் கை இன்னும் என் பாவாடையைப் பிடித்தபடியே இருந்தது. ஆனால் இழுக்கவில்லை.

சடங்கு முடிந்து எல்லோரும் கோப்பி குடித்தபோது அந்த மூதாட்டி கைத்தடியை ஊன்றி என்னிடம் வந்தார். முகம் நிமிர்ந்திருந்தது. "கடைசி வளைவு முழுக்க அவளின்ர மூச்சு எனக்குப் பின்னால கேட்டது. பயத்தில ஓடினன். குடுக்கிறவள் அப்பிடி மூச்சு விடுவாளோ?" என்று கேட்டார். பிறகு என் கன்னத்தில் தட்டி, "நான் வென்றனான்" என்றார், அப்போதுதான் தெரிந்துகொண்டவரைப் போல.

திரும்பி வரும்போது தொங்கு ரயிலில் அம்மா யன்னலோரம் இருந்தார். இறங்கும் நிலையம் நெருங்கியபோது என் பக்கம் திரும்பினார். "ஓம். தோத்தவதான். நல்லாத் தோத்தவ." அதை மெதுவாகச் சொல்லவில்லை. முன் இருக்கையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அன்ரி, ஒருவர் தோற்றதைச் சொல்லும்போது இப்போது நானும் குரலைத் தாழ்த்துவதில்லை.