சரிந்த கிளிகளும் உன் பெயரும்

என் மல்லிகாக் கண்ணே,

போன ஐப்பசியில் நீ போனாய். இந்த ஒன்பது மாதமும் மனசுக்குள் உன்னோடு பேசிக்கொண்டுதான் இருந்தேன், பேனா எடுக்கவில்லை. இன்று எடுத்தது அழுகையால் அல்ல, அருவருப்பால். நேற்றிலிருந்து சோறு இறங்கவில்லை எனக்கு. உன் பெயரை ஒரு கோணல் துணியில் போட்டு மாரியம்மனுக்கு முன்னால் தொங்கவிட்டார்கள். தொங்கவிட்டோம் என்று எழுதுவதுதான் நியாயம். அந்தத் துணியை வெட்டிய கை என் கை.

முதலிலிருந்து சொல்கிறேன். நம் காலனி மாரியம்மன் கோயிலில் அலங்காரம் நடக்கும்போது கருவறையை மறைக்க ஒரு பழைய சிவப்புப் பாலியஸ்டர் துணியைத்தானே இழுத்துவிடுவார்கள்? அதைப் பார்க்கும்போதெல்லாம் நீ முகம் சுளிப்பாய். கிராஸ் ஸ்டிச்சில் ஒரு திரை போடலாம், நடுவில் கும்பம், இரண்டு பக்கமும் கிளிகள் என்று மகளிர் சங்கத்தில் மூன்று முறை சொன்னாய். மூன்று முறையும் ஒருத்தியும் காது கொடுக்கவில்லை. நாலு நாள் காய்ச்சலில் நீ போய்ச் சேர்ந்ததும் அது சங்கத்தின் சொந்த யோசனை ஆகிவிட்டது. செத்தவர்களின் யோசனை என்றால் எதிர்த்துப் பேச ஆள் இருக்காது அல்லவா?

சங்கத்துக்குத் தலைவி யார் என்று நீ கேட்கவே வேண்டாம். அதே ராஜேஸ்வரி மேடம்தான். எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு எதையும் பார்க்காத அதே மேடம். அவர் வீட்டு ஹாலில்தான் கிராஸ் ஸ்டிச்சுக்கென்று கட்டம் கட்டமாக நெய்த மேட்டித் துணியை விரித்தோம். கடையில் சுருட்டி வைத்த துணி எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். கரை நேராக இருக்கும், குறுக்கு நூல் மட்டும் ஒரு பக்கமாகச் சரிந்து கிடக்கும். கண்ணுக்குத் தெரியாது. தையல் போடப் போடத்தான் பல்லைக் காட்டும்.

உன் பழக்கத்தில் நான் ஊசி முனையால் ஓரத்தில் ஒரு நூலைக் கிளப்பினேன்.

"என்ன பண்றீங்க தங்கமணி? பேடா, பேடா! நூல் பிடுங்கின துணி பின்னமான துணி. சாமிக்கு ஆகாது" என்று தன் பாதிக் கன்னடத்தில் வேண்டாம், வேண்டாம் என்று தடுத்தார் மேடம்.

"ஒரு நூலை உருவினாத்தான் மேடம் நேர்கோடு தெரியும். அந்தக் கோட்டுல வெட்டிட்டு, நனைச்சு, இழுத்துக் காயப் போட்டா..."

"நனைக்கறதா? அம்மனுக்குக் கோடித் துணியால்ல போகணும்? துவைச்சதைப் போய் யாராச்சும் குடுப்பாங்களா? கீழ மொசைக்ல லைன் இருக்கு பாருங்க, அதும்மேல வெச்சு சும்னே கட் பண்ணுங்க. டைம் ஆயித்து."

சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! சாமி துணியில் ஓட்டை போட வந்தவள் மாதிரி. நான் என்ன செய்திருக்க வேண்டும்? கத்தரியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்திருக்க வேண்டும். நீயாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பாய். நான் ஊசியைப் பின்னலில் சொருகிக்கொண்டு, மொசைக் கோட்டைப் பார்த்து, ஒரே வெட்டாக வெட்டிக் கொடுத்தேன். துணியை நம்பாமல் தரையை நம்பினேன்.

நஞ்சன்கூடு ஃபேக்டரிக்கு இரண்டு பேரும் ரயிலில் போய்வந்த காலத்தில் உன்னை எவ்வளவு கேலி செய்திருப்பேன்! மற்றவர்கள் துணி வாங்கிய அன்றைக்கே கிளிக்கு மூக்கு போட்டுவிடுவார்கள். நீ இரண்டு நாள் துணியோடு மல்லுக்கட்டுவாய். ஒரு நூலை உருவுவாய். பாதியில் அறுந்தால் அறுந்த இடத்தைத் தேடிப் பிடித்து மறுபடி உருவுவாய். அந்த இடைவெளியில் வெட்டி, மூலையோடு மூலையை மடித்துப் பார்ப்பாய். சேரவில்லையா, உடனே வாளித் தண்ணீர். எதிரெதிர் மூலைகளை நீ ஒன்றும் நான் ஒன்றுமாகப் பிடித்து, வீட்டுக்கு முன்னால் நின்று இழுப்போம். போகிறவர்கள் நமக்குள் சண்டை என்று நினைத்துக்கொண்டு போவார்கள். காய்ந்த பிறகு ஓரம் பிரியாமல் சுற்றித் தைத்து, நாலாக மடித்து, நடுவில் கலர் நூலால் நெடுக ஒன்றும் குறுக்கே ஒன்றும் ஓட்டுத்தையல் போட்ட பின்னால்தான் பட்டு நூல் டப்பாவைத் திறப்பாய்.

"முதல்லயே கோணிக்கிச்சுன்னா அப்புறம் எதை நேராக்கறதுங்க்கா?" என்று கேட்பாய். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வந்தது.

நாலு பேர் மாற்றி மாற்றிப் போட்டோம். மூன்றாவது மாதமே தெரிந்துவிட்டது. கும்பத்துக்கு இடது பக்கம் கீழே ஐந்து விரல் இடம் இருந்தது, வலது பக்கம் மூன்று விரல்கூட இல்லை. இடது கிளி எக்கிக்கொண்டு நின்றது, வலது கிளி வழுக்கி விழப்போகிற மாதிரி இருந்தது. நான் பயந்துபோய் மேடத்திடம் காட்டினேன்.

"பர்வாகில்ல. தூரத்துல நின்னு பாத்தா யாருக்குத் தெரியப்போகுது? கும்புட வர்றவங்க ஸ்கேல் எடுத்துட்டா வருவாங்க?"

கும்பிட வருகிறவர்களுக்குத் தெரியாது, சரி. அம்மனுக்குமா தெரியாது? நூல் உருவினால் கோபித்துக்கொள்ளும் அம்மன், கோணல் கிளியை மட்டும் கண்டுகொள்ள மாட்டாளாம். என்ன பக்தியோ!

கடைசியில் உன் பெயர். "மல்லிகா நினைவாக" என்று போடுவதாகத்தான் முதலில் பேச்சு. மேடம் அதிலும் கை வைத்தார். "சாமி திரையில செத்தவங்க சமாச்சாரம் எதுக்கு? பேர் மட்டும் போதும்" என்றார். உன் பெயரை நான்தான் போட்டேன், உனக்குப் பிடித்த மயில்கழுத்து நிறத்தில். கட்டம் எண்ணித்தானே போட முடியும்? உன் பெயரும் கிளிகளோடு சேர்ந்து வலது பக்கம் சரிந்தது. அடி ஓரத்தைத் தரைக்கு நேராக மடித்துத் தைக்கிறேன் என்று வேறொருத்தி மிஷினில் ஓட்டியதில், கடைசி எழுத்தின் பாதி மடிப்புக்குள் போய்விட்டது. "ஓரம் இப்ப நேரா வந்துருச்சு பாருங்க" என்று அவள் பெருமையாகச் சொன்னாள்.

இன்னொன்று கேட்டால் நீ தலையில் அடித்துக்கொள்வாய். ஆடி வெள்ளிக்கு முதல் நாள் திரையைக் கோயிலில் கொடுக்கப் போனபோது, பூசாரியிடம் மெதுவாகக் கேட்டேன், நூல் உருவின துணி அம்மனுக்கு ஆகாதா என்று. அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "யாரும்மா சொன்னது? அம்மன் கட்டின சேலையை வாராவாரம் நான்தானே தொவைக்கறேன்? சுத்தமா இருந்தா போதும்" என்றார். ஒன்பது மாதத்தில் ஒருத்திக்காவது அவரைக் கேட்கத் தோன்றியதா? எனக்குத் தோன்றியதா? கோயில் இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறது.

நேற்று ஆடி வெள்ளி. ஹனூரிலிருந்து உன் அம்மாவை வரவழைத்திருந்தார்கள். எஸ்டிடி பூத்திலிருந்து உங்கள் ஊர் உரக்கடைக்குப் போன் போட்டுச் சொன்னதே நான்தான். பாவம், விடிகாலை பஸ் பிடித்து, கையில் ஒரு பை நிறையக் கம்பும் அவரைக்காயுமாக வந்து இறங்கினார்கள். மேடம் அவர்களை முதல் வரிசையில் உட்காரவைத்து மைக்கில் பேசினார். அன்பு என்றார், தியாகம் என்றார், சங்கத்தின் உழைப்பு என்றார். உன்னோடு இரண்டு வார்த்தை முகம் கொடுத்துப் பேசியிருப்பாரா அந்தம்மா?

பூஜை முடிந்து கூட்டம் பிரசாதத்துக்குப் போனதும் உன் அம்மா எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனார்கள். கிளிகளைப் பார்த்தார்கள். பிறகு குனிந்து, மடிப்பை விரலால் நெம்பி, உள்ளே போன எழுத்தை வெளியே இழுத்துப் படித்தார்கள்.

"ஏனுங்கம்மிணி, இது எம்புள்ள போட்டதுங்களா?"

பக்கத்தில் நின்ற மேடம் தலையை ஆட்டிவைத்தார். ஆமாம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை.

"ஒரு பக்கமா இழுத்துக்கிட்டுப் போவுதுங்களே. எம்புள்ள இப்படிப் போடமாட்டாளுங்க. காச்சலோட உக்காந்து போட்டிருப்பா போல. கை நடுங்கியிருக்கும், பாவம். யாரும் படுத்துக்கச் சொல்லலீங்களா?"

மல்லிகா, இதைக் கேட்டுக்கொண்டு நான் எப்படி நிற்பேன்? என் கத்தரி செய்த கோணலை உன் காய்ச்சலின் தலையில் போட்டுவிட்டுப் பிரசாதம் வாங்கப் போவதா? அவர்கள் ஹனூருக்குத் திரும்பிப் போய், நடுங்குகிற கையோடு நீ தைத்துக்கொண்டிருந்ததாக நினைத்து நினைத்து இன்னும் எத்தனை நாள் அழுதிருப்பார்கள்?

"அவ ஒரு தையல்கூட இதுல போடலம்மா" என்றேன். "அவ போனப்புறம் போட்டது. துணிய வெட்டுனது நான். எப்படி வெட்டணும்னு எனக்குத் தெரியும். அவதான் சொல்லியிருக்கா. தெரிஞ்சே கோணலா வெட்டினேன்."

"பூஜை டைம்ல இதெல்லாம் எதுக்கு தங்கமணி?" என்று மேடம் பல்லைக் கடித்தார்.

உன் அம்மா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அடித்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பிறகு மெதுவாகத்தான் சொன்னார்கள், ஆனால் அங்கே இருந்த எல்லாருக்கும் கேட்டது.

"அப்ப எதுக்குங்க எம்புள்ள பேரு? எடுத்துருங்க."

எடுத்துவிட்டேன். அங்கேயே, திரைக்குக் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்து, சின்னக் கத்தரியால் ஒவ்வொரு தையலாக வெட்டி உருவினேன். சங்கத்துப் பெண்கள் பொங்கல் தொன்னையோடு நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒருத்திகூடப் பக்கத்தில் வரவில்லை. உன் பெயர் இருந்த இடத்தில் இப்போது வரிசையாக ஊசி ஓட்டைகள் இருக்கின்றன. தண்ணீரில் நனைத்தால் மூடிக்கொள்ளும். ஆனால் கோடித் துணி ஆயிற்றே, யார் நனைப்பார்கள்?

பஸ் ஏற்ற நான்தான் கூடப் போனேன். வழியில் எங்கள் வீட்டில் உட்காரவைத்து ஒரு டம்ளர் காபி கொடுத்தேன். அவர்கள் அதைக் குடிக்காமல் கேட்டார்கள்: "கடைசியா அவ கையில எடுத்தது ஏதாச்சும் இருக்குதுங்களா?"

இருக்கிறது. இதையும் உன்னிடம் சொல்லிவிடுகிறேன். காய்ச்சல் வருவதற்கு இரண்டு நாள் முன்னால் என் வீட்டில் வைத்து நீ நேராக்கிய துணி என் பீரோவில்தான் இருந்தது. உன் வீட்டுக்காரரிடம்கூடக் கொடுக்காமல் ஒளித்துவைத்திருந்தேன். எடுத்து அவர்கள் மடியில் விரித்தேன். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்கள்.

"ஒண்ணுமே போடலீங்களே இதுல."

நான் அவர்கள் விரலைப் பிடித்து ஓரத்தைத் தடவக் கொடுத்தேன். சுற்றிலும் நீ போட்ட தையல். மூலையோடு மூலையை மடித்துக் காட்டினேன், இம்மி பிசகவில்லை. நடுவில் இரண்டு கலர் நூலும் சந்திக்கிற இடத்தில் அவர்கள் விரல் நின்றது.

"கை நடுங்கலீங்க" என்றார்கள். அப்புறம்தான் அழுதார்கள்.

துணியை அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. "நீ போட்டுக் கொண்டாம்மிணி" என்று என்னிடமே திருப்பிக் கொடுத்தார்கள். என்னை எப்படி நம்பினார்கள் என்று இன்னும் புரியவில்லை. உனக்குப் புரிகிறதா?

அந்தத் துணியில் என்ன போட நினைத்திருந்தாய் என்று நீ சொல்லாமலே போய்விட்டாய். அதை நான் ஊகிக்கப் போவதில்லை. ஹனூரில் உன் அம்மா வீட்டில் உட்கார்ந்து, அவர்கள் எதைச் சொல்கிறார்களோ அதைப் போடுகிறேன். உன் நூல்கள் சந்திக்கிற அந்த நடுக்கட்டத்தில்தான் முதல் தையல். இனி யார் எந்தச் சாமியின் பெயரைச் சொல்லி அவசரப்படுத்தினாலும் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வருவேன். இது சத்தியம்.

கோணல் கையோடு,
உன் கூடப் பிறக்காத அக்கா
தங்கமணி