நீங்க கேட்ட வாளி

அன்பு மச்சான்,

நீங்கள் இருக்கும் இடத்தில் கடல் இருக்காது என்று நம்பித்தான் எழுதுகிறேன். கல்யாண வீடியோ எடுத்துப் பிழைக்கிற உங்கள் மச்சினன், விஞ்ஞானப் படம் எடுத்திருக்கிறேன். சிரிக்காதீங்க.

மெயின்லேண்டிலிருந்து நம்ம தீவுக்கு வந்த ஆராய்ச்சி மேடம் ஒருவர், சுனாமி எப்படி வருகிறது என்று பிள்ளைகளுக்குப் படமாகக் காட்டணும் என்றார். அம்புக்குறியும் வரைபடமுமாக வைத்திருந்தார். "தூங்கிடுவாங்க மேடம். ஒரு ஆளைக் காட்டுங்க, கதையாச் சொல்லுங்க" என்று நான்தான் வாயைக் கொடுத்தேன்.

அந்த ஆள் நீங்கதான். கார் நிக்கோபாரில் சுனாமி வந்த அன்று காலை நிலம் ஆடி நின்றதும் நீங்களும் அக்காவும் கரைக்குப் போனீங்க. கடல் உள்வாங்கி, வெறும் தரையில் மீன் துள்ளியது. "வாளி எடுத்துட்டு வா" என்று அக்காவை குவார்ட்டர்ஸுக்கு அனுப்பினீங்க. அவள் பிழைத்தது அதனால்தான். எல்லாருக்கும் புரியட்டும் என்று படத்தில் அதை இந்தியில் வைத்தேன்: "பால்டி லாவோ!"

போன வாரம் இங்கே ஷாதிபூர் பள்ளி ஒன்றில் போட்டுப் பார்த்தோம். மீன் துள்ளியதும் பிள்ளைகள் கைதட்டினார்கள். "அங்கிள், படாவாலா பக்டோ!" என்று ஒருத்தி கத்தினாள். பெரிய மீனாகப் பிடிக்கச் சொல்கிறாள்! பூமித்தட்டு நழுவுவதும், கடல் பின்வாங்கினால் மேட்டுக்கு ஓடணும் என்பதும் அப்புறம்தான் வந்தது. மேடத்துக்கு ஒரே சந்தோஷம்.

மறுநாள் கடல் வழக்கம்போல வற்றியிருந்தபோது அதே பிள்ளைகள் கரையில் விளையாடினார்கள். ஒருவன் "பால்டி லாவோ!" என்று கத்த, மற்றவர்கள் கடலைப் பார்த்து ஓடினார்கள். உங்கள் சாவை நான் பஞ்ச் டயலாக் ஆக்கிவிட்டேனா மச்சான்? நிஜமாகவே ஒருநாள் கடல் உள்ளே போனால், இவர்களுக்கு எது ஞாபகம் வரும்?

டெய்ரி ஃபார்ம் பகுதியில் குடியிருக்கிற அக்காவிடம் போய்ச் சொன்னேன். படத்தைப் பார்க்கவே மாட்டேன் என்று இருந்தவள், "மைக்கைக் கொண்டாடா" என்றாள். "அவரு வாளி கேட்டப்ப நான் ஒண்ணுமே சொல்லாமப் போயிட்டேன். இப்பச் சொல்றேன்."

"பால்டி சோடோ, பாகோ!" என்று சொல்லிக் கொடுத்தேன். வாளியை விடு, ஓடு. ஒருதடவை அப்படியே சொன்னாள். அப்புறம் அவளால் நிறுத்த முடியவில்லை. "வாளி வேணாங்க... விட்டுட்டு ஓடியாங்க... ஏங்க, ஓடியாங்க!"

தமிழ் எல்லாப் பிள்ளைகளுக்கும் புரியுமா என்று மேடம் கேட்டார். புரியும் என்று சொல்லிவிட்டேன். அதை வெட்டவில்லை.

நாளைக்கு அதே பிள்ளைகளுக்கு மறுபடி போடுகிறோம். அக்காவும் வருகிறாள். படம் முடிந்ததும் எல்லாரையும் கரைக்குக் கூட்டிப்போய், கடலுக்கு முதுகு காட்டி நின்று, "பால்டி லாவோ!" என்று நானே கத்தப் போகிறேன். மேட்டுப் பக்கம் ஓடுகிறார்களா என்று பார்க்கணும்.

ஒரே ஒரு பிள்ளை என்னைத் தாண்டிக் கடல் பக்கம் ஓடினாலும் படத்தை மறுபடி எடுப்பேன். எத்தனை தடவையானாலும் எடுப்பேன். இனி ஒருத்தரும் உங்களுக்கு வாளி கொண்டுவரக் கூடாது, மச்சான்.

உங்கள் பயந்தாங்கொள்ளி மச்சினன்,
சேகர்